வரிசையில் நின்றபடி நான் அனுமதித்த பதிவு

எங்கள் இணையக் குழுவுக்கு வரும் பதிவுகளைச் சலிக்கும் வேலையில் பாதியை இப்போது இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. கெட்ட வார்த்தை இருந்தால் தடுக்கிறது. ஒரே வாடகை வீட்டு விளம்பரம் மூன்று முறை வந்தால் இரண்டைத் தூக்கி ஓரமாக வைக்கிறது. இதையெல்லாம் நான் சில வருடங்கள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, நாட்டின் எல்லையையே காவல் காப்பவனைப் போலச் செய்துகொண்டிருந்தேன். புதிதாக வந்திருக்கும் நான்கு மாடரேட்டர்களும் என் அனுபவத்தை ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள். மரியாதைக்குக் கேட்டிருப்பார்கள். நான் உடனே ஒப்புக்கொண்டேன். யார் எதைக் கேட்டாலும் அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் ஒப்புக்கொள்வது என் பிறவிக் குணம். ஒரு பக்கத்தில் அடங்காது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் 1991இல் அம்பத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு வந்தவன். பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கையில் கேஜ் என்கிற அளவுக் கருவி ஒன்றைக் கொடுப்பார்கள். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், இன்னொரு முனை போகக் கூடாது. சரியாக இருந்தால் பச்சை அட்டை, சந்தேகம் என்றால் மஞ்சள், தவறு என்றால் சிவப்பு. கற்றுக்கொள்ள அரை நாள் போதும். நான் ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் முதல் வாரமே ஒட்டிக்கொண்டது. ஷிஃப்ட் முடியும் மணி அடிக்கும்போது மேஜை மேல் முடிவு சொல்லாத பீஸ் ஒன்றுகூட நிற்கக் கூடாது. அடுத்த ஷிஃப்ட்காரன் தலையில் கட்டக் கூடாது. வேலையில் இருந்த வருடங்கள் முழுக்க என் மேஜை காலியாகவே இருந்தது. அதைப் பாராட்டி ஒருமுறை சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அந்தப் பெருமை தலைக்கு ஏறி, இறங்க இடம் தெரியாமல் அங்கேயே தங்கிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு சமையலறை டப்பாக்களைச் சரிபார்க்கத் தொடங்கினேன். மிளகு டப்பாவில் கடுகு இருந்ததற்கு மஞ்சள் அட்டை ஒட்டினேன். என் மனைவி கோமதி நாற்பது நாள் பொறுத்தாள். நாற்பத்தொன்றாம் நாள், வெளியே போய் எதையாவது ரிஜெக்ட் செய்துகொள்ளுங்கள், வீட்டில் இனி ரிஜெக்ட் செய்ய நான் ஒருத்திதான் பாக்கி என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குழு என் கண்ணில் பட்டது. ஒரகடம், வல்லக்கோட்டை, மண்ணூர் பக்கம் வேலை பார்க்கிற, குடியிருக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் அதில் இருந்தார்கள். எந்த ரூட் கம்பெனி பஸ் இன்று வராது, எங்கே ரூம் காலி, யாருடைய ஐடி கார்டு கீழே கிடந்தது, எல்லாம் அதில் வரும். பதிவுகள் தாறுமாறாக இருந்தன. ரூம் விளம்பரத்தில் ஊர் இருக்காது, பஸ் தகவலில் நேரம் இருக்காது. நான் குழுவின் தலைமை அட்மினுக்கு எட்டுக் குறைகளைப் பட்டியல் போட்டு அனுப்பினேன். பத்தாவது நிமிடம் போன் வந்தது. இவ்வளவு அக்கறை இருப்பவர் நீங்களே வந்து செய்யலாமே என்றது ஒரு பெண் குரல். நான் ஒப்புக்கொண்டேன். மேலே சொன்ன பிறவிக் குணம்தான்.

அந்தக் குரல் ஸ்டெல்லா சிஸ்டருடையது. அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வயதுதான் இருக்கும். ஹாஸ்டல் பெண்கள் ஊசி போட்டுக்கொள்ள வந்த இடத்தில் பஸ் நேரம் விசாரித்து விசாரித்து, கடைசியில் அவரே குழு தொடங்கிவிட்டார். அவரைப் போல ஒரு மேலதிகாரியை நான் தொழிற்சாலையில் பார்த்ததில்லை. அங்கே கோபம் வந்தால் சத்தம் வரும். சிஸ்டருக்குக் கோபம் வந்தால் மரியாதை வரும். சாதாரண நாளில் நான் "சார்". ஏதாவது செய்து வைத்தால் "தனசேகர் அவர்களே". அவர் "அவர்களே" என்று தொடங்கினால் நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வேன்.

சிஸ்டரிடம் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. பதிவில் ஒரு மனிதரின் பெயரோ முகமோ வண்டி எண்ணோ இருந்தால், அதை எழுதியவருக்கும் போன் போட வேண்டும், எழுதப்பட்டவருக்கும் போன் போட வேண்டும். இருவரும் சொன்னதை நோட்டில் எழுதிய பிறகுதான் அனுமதி. எழுதப்பட்டவர் கிடைக்காவிட்டால் பதிவு நிற்கும். எத்தனை நாள் ஆனாலும் நிற்கும். போனில் சிஸ்டர் பேசுவது மிகக் குறைவு. ரெண்டு நிமிஷம் பேசலாமாப்பா என்று கேட்பார், அப்புறம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். எதிராளிக்கே அலுத்துப்போய் உண்மையைச் சொல்லிவிடுவான். நானும் அப்படிச் செய்து பார்த்தேன். அரை நிமிட மௌனத்துக்கு மேல் தாங்க முடியாமல் நானே பேசத் தொடங்கிவிடுவேன்.

நான் மூன்று நிற அட்டையைக் குழுவுக்குள் கொண்டுவந்தேன். மஞ்சள் அட்டை என்றால் "திருத்தி அனுப்பவும்" என்று பதில் போகும். மண்ணூரிலிருந்து ஒருவர் ஆடு காணவில்லை என்று எழுதினார். படம் இல்லை, அடையாளம் இல்லை. மஞ்சள் அட்டை போட்டு அங்க அடையாளம் கேட்டேன். "ஆடு மாதிரியே கீது சார், நாலு காலு" என்று பதில் வந்தது. நான் மறுபடியும் மஞ்சள் போட்டேன். அதற்குள் ஆடு தானாக வீட்டுக்குப் போய்விட்டது. இன்னொரு முறை ஒரு வீட்டில் பெரியவர் இறந்துபோய், பிள்ளைகள் அஞ்சலிப் பதிவு அனுப்பினார்கள். அதற்கும் "இறந்தவரின் வயது குறிப்பிடப்படவில்லை, திருத்தி அனுப்பவும்" என்று மஞ்சள் அட்டை அனுப்பியவன் நான். அன்று சிஸ்டர் என்னைப் பதினான்கு முறை "அவர்களே" என்றார். எண்ணினேன். அந்த வீட்டுக்கு நானே போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். குழுவில் எனக்கு "ரிஜெக்ட் சார்" என்று பெயர் வந்தது. கோமதிக்கு இது தெரிந்தபோது அவள் ஒரு மணி நேரம் சிரித்தாள்.

இப்போது அந்தப் பதிவுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றியதே அதைத் தள்ளிப்போடத்தான்.

சிஸ்டரின் மகளுக்கு வேலூரில் பிரசவம். பத்து நாள் குழுவை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நோட்டையும் கொடுத்தார். நான் அதைச் செய்தித்தாள் அட்டை போட்டு, மேலே என் பெயரையும் எழுதி வைத்தேன். நான்காம் நாள் கிருத்திகை. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கூட்டம். நானும் கோமதியும் காலையிலேயே வரிசையில் நின்றுவிட்டோம். வரிசை நகர்கிற வேகத்தில் நிலுவையில் இருந்த பதினேழு பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். சன்னதிக்குள் போவதற்குள் நிலுவையைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. பாதி வேலையை வெளியில் வைத்துவிட்டு சாமி கும்பிட எனக்குத் தெரியாது. பதினாறு முடிந்தன. கொடிமரம் தெரிந்தது.

பதினேழாவது பதிவில் ஒரு படம். கம்பெனி பஸ் ஒன்று ரோட்டோரம் நிற்கிறது. ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக் கிடக்கிறார். பிரவீன் என்ற பையன் எழுதியிருந்தான், ஏதோ ஒரு கம்பெனியில் டிரெயினி. இடம் வல்லக்கோட்டை ஆர்ச் பக்கம், நேரம் காலை ஆறு பத்து, முதல் ஷிஃப்ட் வண்டி, வண்டி எண் இது. "டிரைவர் ஃபுல் மப்பு. இவன நம்பி நாப்பது பேர் உட்கார்ந்து இருக்காங்க" என்று முடித்திருந்தான்.

நான் கவனக்குறைவாக இருந்தேன் என்றால் இன்று எனக்கு இவ்வளவு வலிக்காது. நான் மிகவும் கவனமாக இருந்தேன். படத்தைப் பெரிதாக்கி வண்டி எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். வெளிச்சத்தைப் பார்த்து ஆறு பத்துக்கு இது பொருந்தும் என்று முடிவு செய்தேன். இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, எண் இருக்கிறது, படம் தெளிவு. இத்தனை வருடத்தில் இவ்வளவு பூரணமாக நிரப்பப்பட்ட பதிவு ஒன்றைக் குழுவில் பார்த்ததில்லை என்று எனக்குச் சந்தோஷமே வந்தது. நோட்டு வீட்டில் இருந்தது. போன் போட்டால் வரிசை நகர்ந்துவிடும். அனுமதித்தேன். நிலுவை பூஜ்யம். முருகனை அன்றைக்குப் போல நிம்மதியாக நான் கும்பிட்டதே இல்லை.

வெளியே வந்து பிரசாதம் சாப்பிட்டு முடித்தபோது கைபேசி சூடாகியிருந்தது. நூற்றுக்கணக்கில் பின்னூட்டங்கள். படம் வேறு குழுக்களுக்கும் போய்விட்டது. மதியம் இரண்டு மணிக்கு யாரோ எழுதினார்கள், கம்பெனிக்கு அந்த பஸ்ஸை வாடகைக்கு விடும் டிராவல்ஸ்காரர் ஓட்டுநரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாராம், இது நம் குழுவின் வெற்றியாம். நான் அதற்குக் கைதட்டும் பொம்மை ஒன்று போட்டேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பொம்மையைப் போட்ட விரல்தான் இதையும் எழுதுகிறது.

மாலையில் சிஸ்டர் கூப்பிட்டார்.

"தனசேகர் அவர்களே, வணக்கம். அந்த டிரைவர் என்ன சொன்னாருன்னு நோட்ல படிங்க."

நான் கிருத்திகைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். படத்தின் தெளிவைப் பற்றிச் சொன்னேன். நாற்பது உயிர் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"போன் போட்டீங்களா, போடலியா?"

"போடல சிஸ்டர்."

வைத்துவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றார். நான்கு நாள் பேரனை விட்டுவிட்டு முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். கோமதி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு என் போனிலிருந்தே பிரவீனைக் கூப்பிட்டார். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆனது. மூன்று நாள் முன்பு பையன் ஓடி வந்தும் அந்த ஓட்டுநர் நிறுத்தாமல் போயிருக்கிறார், அதில் அவனுக்கு அரை நாள் சம்பளம் போய்விட்டது. சாராய வாடை வந்ததா என்று சிஸ்டர் கேட்டார். கிட்டப் போகவில்லை என்றான். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தானாம்.

அடுத்து அதே பஸ்ஸில் வரும் செல்வி என்ற பெண். தென்காசிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவள். அவள் சொன்னதை சிஸ்டர் அப்படியே எழுதிக்கொண்டார். "டிரைவர் அண்ணன் வண்டிய ஓரமா நிப்பாட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுட்டு, யார்கிட்டயாவது முட்டாய் இருக்காம்மான்னு கேட்டாவ. கை நடுங்குச்சு. நாந்தான் குடுத்தேன். வாயில போட்டுட்டு அப்படியே சாஞ்சுட்டாவ." கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த இன்னொரு பஸ்ஸின் மாற்று ஓட்டுநர் ஏறி வண்டியை எடுத்தாராம். ஆனால் தன் பெயரைப் போட்டுவிடாதீர்கள், கம்பெனியில் கேட்பார்கள் என்றாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் சர்க்கரை நோய்க்காரர்கள் எத்தனையோ பேர். திருத்தப் பதிவு எழுதுவதில் எனக்கு நிகர் யாருமில்லை. சிஸ்டர் இன்னொரு காபி குடித்து முடிப்பதற்குள் நான்கு பத்திகள் தயார். அதில் மனிதநேயம் என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. ஓட்டுநரைப் பார்த்துப் படித்துக் காட்டிவிட்டுப் போட்டுவிடலாம் என்று மண்ணூரில் இருந்த அவர் வீட்டுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் அவர் கண் கலங்குவதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

ஓட்டுநரின் பெயர் ஏகாம்பரம். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. வாசலில் காக்கிச் சட்டை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் மனைவி சாந்தி உள்ளே போய்விட்டாள். அவர் எங்களை உட்காரச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

சிஸ்டர் சுற்றி வளைக்காமல் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். அவர் ஜன்னலிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். கிருத்திகைக்கு முந்தின ராத்திரி மூன்றாம் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வராமல் வண்டியிலேயே கண்ணயர்ந்து, எழுந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு முதல் ஷிஃப்ட் வண்டியை எடுத்திருக்கிறார். ஒன்றும் சாப்பிடவில்லை. கிருத்திகைக்கு விரதமா என்று நான் குறுக்கே கேட்டேன். "விரதம்லாம் இல்ல சார், டைம் இல்ல" என்றார்.

என் நேரம் வந்தது என்று நினைத்து, கைபேசியை எடுத்து நான்கு பத்திகளையும் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். அவர் குடிக்கவில்லை, சர்க்கரை நோயாளி, மயக்கம் வந்த நொடியிலும் நாற்பது உயிர்களைக் காத்தவர் என்று முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் கண் கலங்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"சார், இத மட்டும் போட்றாதீங்க."

ஏன் என்றேன்.

"குடிச்சான்னு சொன்னா ஒரு மாசம் திட்டுவானுங்க, அப்பால வேற டிராவல்ஸ்காரன் கூப்ட்டு வண்டி குடுப்பான். சுகர்ல மயக்கம் போட்டான்னு இந்த ரோடு முழுக்க தெரிஞ்சா எவன் சார் சாவி குடுப்பான்? நீங்க குடுப்பீங்களா?"

பதில் எனக்குத் தெரியும். அவர் என் மேஜைக்கு வந்திருந்தால் நான் யோசிக்காமல் சிவப்பு அட்டை கட்டியிருப்பேன்.

அதற்குள் சாந்தி கதவோரம் வந்து நின்றாள். "எங்கம்மா வூட்லருந்து போன் பண்ணி, மாப்ள குடிக்கறாரான்னு கேக்கறாங்க. இன்னாத்த சொல்றது நான்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். கணவரைப் பார்த்துக் கேட்கவில்லை. பத்தொன்பது வருடமாக ஒரு சொட்டு தொட்டதில்லை என்றாள். உண்மையைப் போடுங்கள் என்கிறாள் அவள். போடாதீர்கள் என்கிறார் அவர். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கையில் நான்கு பத்தியோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதையும் அவர்கள் வீட்டில் வைத்து அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

சிஸ்டர்தான் பேசினார். "நாப்பது பேர் ஏறுற வண்டி ஏகாம்பரம். டாக்டர் சரின்னு எழுதிக் குடுக்கற வரைக்கும் நீங்க ஸ்டியரிங்க தொடக்கூடாது. தொட்டா நானே போய் சொல்லிருவேன். அப்புறமும் சாப்ட்டு, மாத்திரை போட்டு, அப்புறம்தான் வண்டி. ஷிஃப்ட் மேல ஷிஃப்ட் குடுத்தா முடியாதுன்னு சொல்லணும்." அவர் தலையாட்டினார். சிஸ்டர் சாந்தி பக்கம் திரும்பி, உங்கள் அம்மாவுக்கு நான் இப்போதே போன் போடுகிறேன் என்றார். போட்டார். நர்ஸ் பேசுகிறேன், உங்கள் மாப்பிள்ளை குடிக்கவில்லை, எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். சாந்தி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வெளியே வந்ததும் நான் என் பத்திகளைக் காட்டி, எதை எடுப்பது எதை வைப்பது என்று கேட்டேன். நம் தப்பை மட்டும் எழுதுங்கள், அவர் உடம்பை எழுதுவதற்கு நாம் யார் என்றார் சிஸ்டர். நான்கு பத்தி மூன்று வரியானது. நான் அனுமதித்த பதிவு தவறு. படத்தில் இருக்கும் ஓட்டுநர் குடித்திருக்கவில்லை. யாரையும் விசாரிக்காமல் அனுமதித்தவன் நான், தனசேகர். சிஸ்டர் அதைக் குழுவின் உச்சியில் பத்து நாள் நிறுத்தி வைத்தார். பின்னூட்டங்களைப் பூட்டிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை அவர்களே என்று கூப்பிட வாயெடுத்தார். நானே வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்தப் பத்து நாளை என்னவென்று சொல்ல. குடிக்காதவன் ஏன் படுத்துனு இருந்தான் என்று கேட்டார்கள். டிராவல்ஸ்காரன் உன்னை நன்றாகக் கவனித்தானா என்று கேட்டார்கள். "ரிஜெக்ட் சாரையே ரிஜெக்ட் பண்ணுங்க" என்று ஒருவன் எழுதினான். எங்கள் குழுவின் சரித்திரத்திலேயே அதிக விருப்பம் வாங்கிய பின்னூட்டம் அதுதான், அதில் ஒன்று என் பழைய சூப்பர்வைசருடையது. வாழ்நாள் முழுக்கக் கேட்டதற்கும் கேட்காததற்கும் விளக்கம் சொல்லியே பழகியவன் நான். விளக்கம் என் கையில் இருந்தது. ஒரே ஒரு சொல். தட்டுவேன், அழிப்பேன். ஒருநாள் கோமதி போனைப் பிடுங்கி அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.

என்னைவிட ஏகாம்பரத்துக்குத்தான் அது நீண்ட காலம். அந்த டிராவல்ஸ் அலுவலகத்துக்கு நான் தனியாகப் போனேன். என் மூன்று வரியை அச்செடுத்துக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தேன். குடிக்கவில்லை என்றால் வேறு என்ன, காரணத்தைச் சொல்லுங்கள், நாளைக்கே கூப்பிடுகிறேன் என்றார் அவர். நான் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காரணம் இல்லாமல் வந்து நிற்கிறீர்களே என்று அவர் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த மிக நீளமான நேரம் அது. சிஸ்டரின் மௌனம் எவ்வளவு கடினமான வேலை என்று அன்றுதான் புரிந்தது. வேலை கிடைக்கவில்லை. ஏகாம்பரம் சில மாதங்கள் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கினார் என்று கேள்விப்பட்டேன். சிஸ்டர் மாதாமாதம் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு மூன்று மாதம் மஞ்சள் அட்டை, பதிவுகளைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு. நான் மறுக்கவில்லை.

டாக்டர் கடிதம் கொடுத்த பிறகு ஏகாம்பரம் இன்னொரு டிராவல்ஸில் ஓட்டுநராகச் சேர்ந்தார் என்று சிஸ்டர் சொன்னார். அவருடைய ரூட் என் வீட்டுத் தெருமுனை வழியாகத்தான் என்பதைச் சொல்லவில்லை. தினமும் காலை பால் வாங்க நான் அங்கே நிற்பேன். வண்டி போகும். அவர் என்னைப் பார்க்க மாட்டார். நான் பால் பாக்கெட்டைப் பார்ப்பேன். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போனது. பால்காரனை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் காலை அந்த வண்டி என்னைத் தாண்டாமல் எனக்கு நேராக வந்து நின்றது. அங்கே ஸ்டாப் கிடையாது. கதவு திறந்தது. உள்ளே முதல் ஷிஃப்ட் ஆட்கள், பாதிப் பேர் தூக்கத்தில். இத்தனை பேர் முன்னால் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன். ஏகாம்பரம் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி குனிந்து என்னைப் பார்த்தார்.

"சாப்ட்டேன் சார்" என்றார்.

"சரிப்பா" என்றேன். அவர் கதவை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார்.